பல்கலைக்கழகத்தின் காது

காது கொடுப்பவர் என்று ஒரு மனித வகை உண்டு. நீங்கள் இவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு வந்து, நல்ல மனுஷன் என்று வீட்டில் சொல்லியும் இருப்பீர்கள். நீங்கள் பேசும்போது இவர் குறுக்கே பேசமாட்டார், கைப்பேசியைத் தொடமாட்டார், கொட்டாவி விடமாட்டார். தலையை இடது பக்கம் ஒரு விரற்கடை சாய்த்து, புருவம் இரண்டையும் நடுவில் கூட்டி, உதட்டை மடித்து, உங்கள் கடைசிச் சொல் வாயைவிட்டு வரும்வரை அப்படியே இருப்பார், வந்த பிறகும் இரண்டு நொடி இருப்பார், அப்புறம் மெதுவாக மூச்சை விட்டு, "இதைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம்முடைய அறியாமை. டாக்டரிடம் போனால் மருந்து கிடைக்கும், தையற்காரரிடம் போனால் சட்டை கிடைக்கும், காது கொடுப்பவரிடம் போனால் காது கிடைக்கும். அதைத்தான் கொடுத்துவிட்டாரே, இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?

இந்த வகையினர் வங்கியில் உண்டு, ஆஸ்பத்திரியில் உண்டு, சில குடும்பங்களில் மூத்த மாப்பிள்ளையாகவும் உண்டு. ஆனால் நன்றாகச் செழித்து வளர்வது நகரத்துப் பல்கலைக்கழகங்களில்தான். ஊருக்கு நடுவே நாலு தெருவை வளைத்து மதில் எழுப்பி, உள்ளே மரம் வளர்த்து, மணிக்கூண்டு கட்டி, நூறு வருஷம் நிம்மதியாக இருந்த ஒரு பல்கலைக்கழகம், மதிலுக்கு வெளியே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை ஏதோ ஒரு நாள் கண்டுபிடிக்கும். ஆராய்ச்சி செய்கிற இடமாயிற்றே, கண்டுபிடிக்காமல் இருக்குமா? கண்டுபிடித்ததும் அந்த மனிதர்களுக்குச் 'சமூகம்' என்று பெயர் வைக்கும். பெயர் வைத்த கையோடு அவர்களைக் கவனிக்க ஓர் இயக்குநரை நியமிக்கும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தச் சமூகத்தில் நானும் ஒருவன். பல்கலைக்கழகத்தின் பின்மதிலை ஒட்டிய தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், பைண்டிங்கும் செய்கிறேன். உள்ளே யார் எதைக் கண்டுபிடித்தாலும் அது நாலு பிரதியாக என் கையால் தைத்து, அட்டை போட்டுத்தான் வெளியே வரும். படித்துப் பார்த்தது கிடையாது, ஆனால் எல்லா ஆய்வேடுகளின் கனமும் எனக்குத் தெரியும்.

என் கடைக்கு நேர் எதிரே பின்கேட். முன்பெல்லாம் காலை ஆறு மணிக்கு அதைத் திறந்துவிடுவார்கள். தெருவே அதன் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்து, நூலகத்தைத் தாண்டி, வேதியியல் துறையை மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து, முன்வாசலில் வெளியேறினால் எதிரே பெரிய ஆஸ்பத்திரி, பக்கத்தில் பஸ் நிறுத்தம். ஏழு நிமிஷ நடை. ஒரு பட்டமளிப்பு விழாவுக்கு யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று, பாதுகாப்புக்காக, ஒரே ஒரு நாள் பூட்டினார்கள். பெரிய மனிதர் வந்தார், பேசினார், போனார், சில வருஷம் கழித்துக் காலமும் ஆகிவிட்டார். பூட்டு மட்டும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறது.

தெருவில் எல்லாருக்கும் இதனால் கஷ்டம்தான். ஆனால் ஒரு வீட்டுக்கு இது உயிர்ப் பிரச்சினை. என் கடையிலிருந்து இரண்டு கடை தள்ளித் தையல்கடை வைத்திருக்கும் பெண்மணி. தெருவுக்கு அவர் தையலக்கா, எனக்குத் தங்கை வயது. அவருடைய கணவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் காலை பத்து மணிக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். மதிலைச் சுற்றி, தோண்டிப் போட்ட நடைபாதையைச் சுற்றி, மேம்பாலத்தைச் சுற்றி, இரண்டு சிக்னல் கடந்து போனால் ஐம்பது நிமிஷம். ஆட்டோக்காரர்களுக்குச் சக்கர நாற்காலியைக் கண்டதும் வேறெங்கோ அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். பத்து மணிக்குப் போய்ச் சேராவிட்டால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு மழைநாளில் அந்த மனிதர் மேம்பாலத்துக்கு அடியிலேயே மயங்கிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் இயக்குநர் வந்து சேர்ந்தார். அவருடைய முழுப் பதவிப் பெயர் 'சமூக உறவுகள் மற்றும் கொடையாளர் கூட்டாண்மை இயக்குநர்'. தெருவில் அதை யாரும் முழுதாகச் சொல்லிப் பார்க்கவில்லை. முதல் வாரத்திலேயே 'காது சார்' என்று ஆகிவிட்டது. நல்ல உடை, மெல்லிய குரல், யாரையும் முதலாளி தொழிலாளி என்று பிரிக்காமல் எல்லாரையும் "நம்ம பங்காளிகள்" என்று சொல்லும் பெருந்தன்மை. எங்கள் தெருவில் பங்காளி என்றால் கோர்ட்டில் எதிர்ப்பக்கம் நிற்பவர் என்றுதான் பொருள். இருந்தாலும் மனுஷன் ஆசையாகச் சொல்கிறார், போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

முதல் கூட்டம் எங்கள் தெரு ரேஷன் கடைக்கு மேலிருக்கும் ஹாலில் நடந்தது. நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போட்டிருந்தார். வட்டத்தில் உட்கார்ந்தால் உயர்வு தாழ்வு கிடையாதாம். உண்மைதான், எல்லாருக்கும் எல்லாருடைய முழங்காலும் தெரிந்தது. ஆளுக்கு இரண்டு பிஸ்கட், ஒரு தேநீர், ஒட்டுவதற்கு மஞ்சள் காகிதம் மூன்று.

"உங்க கனவு என்ன?" என்று ஆரம்பித்தார் காது சார்.

தையலக்கா கையைத் தூக்கினார். "கனவெல்லாம் இல்லீங்க. பின்கேட்டைத் தொறந்து விடுங்க."

காது சார் தலையைச் சாய்த்தார். புருவத்தைக் கூட்டினார். இரண்டு நொடி. "இதைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி. இன்னும் கொஞ்சம் விரிவாச் சொல்ல முடியுமா?"

"முடியுங்க. பின்கேட்ல ஒரு பூட்டு இருக்கு. அதைத் தொறந்து விடுங்க."

"அந்தப் பூட்டைப் பார்க்கிறப்போ உங்களுக்கு என்ன தோணுது?"

"சாவி யார்கிட்ட இருக்குன்னு தோணுது."

வட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். காது சாரும் சிரித்தார், ஆனால் அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். இந்த வகையினரிடம் இதுதான் ஆபத்து. எழுதிக்கொள்ளாதவரிடம் நாம் மறுநாள் போய்ச் சண்டை போடலாம். எழுதிக்கொண்டவரை என்ன செய்வீர்கள்?

கூட்டக் குறிப்பு நகல் எடுக்க என் கடைக்குத்தான் வந்தது, அறுபது பிரதி. மரபை மீறி இதை மட்டும் படித்துப் பார்த்தேன். அக்காவின் பூட்டையும் கேட்டையும் காணோம். 'வளாகத்துக்கும் சமூகத்துக்கும் இடையே பொருள் பொதிந்த ஊடாட்டத்திற்கான ஆழ்ந்த வேட்கை பங்கேற்பாளர்களிடம் வெளிப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "யாருண்ணே இப்படிப் பேசினது? நான் தேநீர் குடிக்கப் போனப்போ பேசினாங்களா?" என்று கேட்டார்.

வேட்கை வெளிப்பட்டதன் பலன்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பின்கேட்டுக்கு அருகே ஒரு சிமென்ட் பெஞ்சு வந்தது, உட்கார்ந்து கேட்டைப் பார்ப்பதற்கு. சமூகவியல் துறையிலிருந்து ஒரு மாணவி வந்து, மேம்பாலத்தைச் சுற்றிப் போகும் தூரத்தை எப்படி உணர்கிறீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று அக்காவின் கணவரைக் கேட்டார். அவர் பாவம், டயாலிசிஸ் முடிந்து துவண்டு வந்திருந்தார். "அம்மா, ஏழு சொல்லலாமா?" என்றார். சொல்லக் கூடாதாம். கடைசியில் ஓவியத் துறை மாணவர்கள் இருபது பேர் ஏணியும் வாளியுமாக வந்து, பின்மதில் முழுக்கப் படம் வரைந்தார்கள். நடுவில் ஒரு கேட், இரண்டு கதவும் விரியத் திறந்து, உள்ளே மரங்கள், மக்கள் கைகோர்த்துக்கொண்டு போகிறார்கள், முன்னால் தையல் மெஷினோடு நம் அக்கா. அசல் கேட் அதிலிருந்து பத்தடி தள்ளிப் பூட்டிக் கிடந்தது.

ஒன்று சொல்லவேண்டும். காது சார் கெட்டவர் இல்லை. சந்திக்கும்போதெல்லாம் அக்காவின் கணவரை விசாரிப்பார், பெயரோடு, போன தடவை எத்தனை மணி நேரம் மெஷினில் இருந்தார் என்பதோடு. என் சொந்த மச்சானுக்கு அவ்வளவு ஞாபகம் கிடையாது. அதனால்தான் தெருவில் யாருக்கும் அவர்மேல் கோபமே வரவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டது.

அவருடைய இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடுவோம். காது கொடுப்பவருக்கு நம்மைப் போலவே இரண்டு காது. ஒன்று சமூகத்துக்கு, மற்றது கொடையாளருக்கு. சமூகம் பேசினால் தலை இடது பக்கம் சாயும். கொடையாளர் பேசினால் வலது பக்கம் சாயும், கையில் உள்ள பேனா ஓடும், ஒரு வாரத்தில் ஏதாவது நடக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

எங்களுக்கு வாய்த்த கொடையாளர் தண்ணீர்த் தொட்டி முதலாளி. நகரத்தில் பாதி மொட்டைமாடியில் அவர் பெயர் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். வயதானவர், இளகிய மனசு. காது சார் அவரைத் தெருவுக்கு அழைத்து வந்து, சுவர்ப் படத்தைக் காட்டி, பெஞ்சில் உட்காரவைத்து, படத்தில் இருந்த அக்காவையும் நேரில் இருந்த அக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அறிமுகம் செய்தார்.

"உனக்கு என்னம்மா வேணும்? சொல்லு" என்றார் பெரியவர்.

"கேட்டு வேணுங்கய்யா" என்றார் அக்கா. ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாக்கியம் தேய்ந்து குட்டையாகிவிட்டிருந்தது. கணவரின் நிலைமையையும் சொன்னார்.

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டுதானே? நான் தர்றேன். இந்த ஊரே பார்த்திராத கேட்டாத் தர்றேன்."

"ஐயா, புதுசு வேண்டாம். இருக்கிறதைத் தொறந்தாப் போதும்."

ஆனால் காது சாரின் தலை அதற்குள் வலது பக்கம் சாய்ந்துவிட்டது. பேனா ஓடிக்கொண்டிருந்தது.

இதில் காது சாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. யோசித்துப் பாருங்கள். பூட்டைத் திறப்பதை யார் நன்கொடையாகக் கொடுக்க முடியும்? அதற்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாத காரியத்துக்குக் கொடையாளர் கிடையாது, கொடையாளர் இல்லாத காரியத்துக்குக் கோப்பு கிடையாது, கோப்பு இல்லாததைச் செய்வதற்குப் பல்கலைக்கழகத்தில் ஆள் கிடையாது. சாவியை எடுத்துத் திருகுவது ஒருவருடைய வேலையும் இல்லை. புதிய கேட் செய்வது என்றால் பதினாலு பேருக்கு வேலை.

பழைய கேட்டைப் பூட்டோடு சேர்த்துக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் மூன்று நாள் வெறும் வழி இருந்தது. அந்த மூன்று நாளும் தெரு முழுக்க அதில் போய்வந்தது, தையலக்காவின் கணவர் ஏழு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். நான்காம் நாள், 'பணி நடைபெறுகிறது' என்று தகரம் அடித்துவிட்டார்கள். புதிய கேட்டுக்கான வரைபடத்தை நகல் எடுக்க என்னிடம் கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு அடி அகலம், இரட்டைக் கதவு. மேல்பாதியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, பெரியவரின் தாத்தா பெயர், தகப்பனார் பெயர், அவர் பெயர், நிறுவனத்தின் பெயர், எல்லாம் ஒரே வரியில், இரும்பில் வெட்டி எடுத்த எழுத்துகள்.

கதவு இரண்டும் சேரும் இடம் சரியாகத் தகப்பனார் பெயரின் நடுவில் வந்தது. இதை முதலில் கவனித்தவர் பல்கலைக்கழகத்தின் கட்டடப் பொறியாளர். கேட்டைத் திறந்தால் பெரியவரின் தகப்பனார் இரண்டாகப் பிளந்துபோவார். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். குழு கூடியது. வட்டமாகத்தான் உட்கார்ந்தார்கள். எழுத்தைச் சிறிதாக்கலாமா என்றால் கொடையாளர் மனம் நோகும். இரண்டு வரியாக்கலாமா என்றால் யார் மேலே, யார் கீழே? இரண்டு மணி நேரம் பேசி, எல்லாருக்கும் சம்மதமான முடிவுக்கு வந்தார்கள். கேட்டைத் திறக்காமல் இருந்துவிட்டால் பெயர் முழுதாக இருக்கும். ஒப்பந்தத்தில் ஒரு சரத்தும் சேர்த்தார்கள்: 'கொடையாளரின் பெயர் எக்காலத்தும் பிளவுபடாமல் முழுமையாகத் தெரியும் வகையில் கேட் பராமரிக்கப்படும்.' அதையும் நான்தான் நகல் எடுத்தேன். அக்காவிடம் இதை வாசித்துக் காட்டவில்லை.

கேட் செய்யும் வேலை எங்கள் தெரு வெல்டிங் பட்டறைக்காரருக்குக் கிடைத்தது, சமூகத்துக்கு வேலை கொடுத்ததாகவும் ஆயிற்று என்று. அதிகம் பேசாத மனிதர். வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஆளுங்க எங்க சார் போவாங்க?"

"நல்ல கேள்வி" என்றார் காது சார். "குறிச்சுக்கிறேன்."

அன்று மாலை வெல்டிங்காரர் அளவு நாடாவோடு தையலக்காவின் வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். ஜன்னலுக்கு அளவெடுக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

திறப்பு விழா காலை ஒன்பதரைக்கு. பந்தல், மைக், பூங்கொத்து, குறுக்கே ஒரு ரிப்பன். துணைவேந்தர் பேசினார், பொறியாளர் பேசினார், காது சார் பேசியவர்களுக்கு நன்றி சொன்னார். கேட்டின் மேல்பாதியில் தகப்பனார் பிளவுபடாமல் மின்னிக்கொண்டிருந்தார். பெரியவர் ரிப்பனை வெட்டினார், ரிப்பன் திறந்தது, கேட் அப்படியே நின்றது, எல்லாரும் கைதட்டினார்கள். யாருக்கும் எதுவும் விட்டுப்போனதாகத் தோன்றவில்லை.

சமூகத்தின் சார்பில் நன்றி சொல்லத் தையலக்காவுக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் கணவரைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டே மைக்குக்கு வந்தார்.

"பேசறதுக்கு நேரம் இல்லீங்க. பத்து மணிக்கு இவருக்கு டயாலிசிஸ். கேட்டைத் தொறந்தீங்கன்னா அப்படியே போயிடுவோம்."

காது சாரின் தலை இடது பக்கம் சாய்ந்தது. இரண்டு நொடி போயிற்று, அதற்கப்புறம் இன்னும் இரண்டு நொடி போயிற்று.

"தொறங்கப்பா, அதுக்குத்தானே குடுத்தேன்!" என்றார் பெரியவர்.

காது சார் குனிந்து அவர் காதோடு சொன்னார். மைக் பக்கத்தில் இருந்ததால் எங்களுக்கும் கேட்டது. "ஐயா, தொறந்தா அப்பா பேரு ரெண்டாயிடும்."

பெரியவர் கேட்டைப் பார்த்தார். அக்காவின் கணவரைப் பார்த்தார். மறுபடியும் கேட்டைப் பார்த்தார். "அப்படியா?" என்று மெதுவாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. சொந்த அப்பாவை நாலு பேருக்கு முன்னால் பிளக்க யாருக்கு மனசு வரும்?

அப்போது கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த வெல்டிங்காரர் நடந்து வந்து, கேட்டின் வலது கதவில், பெயருக்குக் கீழே, அலங்காரக் கம்பிகளுக்கு நடுவில் ஒரு விரலால் தள்ளினார். ஒரு சின்னக் கதவு திறந்துகொண்டது. சக்கர நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் இடம் விட்ட அகலம். சக்கரம் தட்டாமல் இருக்கத் தரையில் குறுக்குக் கம்பிகூட வைக்கவில்லை.

காவலாளி ஓடிவந்தார். கையில் இருந்த உத்தரவைப் படித்தார். பெரிய கேட்டைத் திறக்கக் கூடாது என்றுதான் அதில் இருந்தது. சின்னக் கேட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஒதுங்கி நின்று சல்யூட் அடித்தார். அக்கா கணவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார், நூலகத்தின் பக்கம் திரும்பினார், மறைந்தார்.

முதலில் கைதட்டியவர் காது சார்தான். 'சமூகத்தோடு இணைந்து வடிவமைக்கப்பட்ட நுழைவாயில்' என்று அன்று மதியமே அறிக்கை தயாராகி என் கடைக்கு வந்தது. அதற்கு அவருக்கு ஒரு விருதும் கிடைத்தது. வெல்டிங்காரருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை அவர் பட்டறையில் தீப்பொறி படாத மூலையாகப் பார்த்து மாட்டியிருக்கிறார்.

பதினோரு வாரம் எல்லாரும் சௌக்கியமாக இருந்தோம்.

பிறகு பழைய மாணவர் சங்கம் வந்தது. வளாகத்தில் தங்கள் பெயரிலும் ஏதாவது இருக்கவேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. தேடிப் பார்த்தால் கட்டடம், வகுப்பறை, மரம், குடிநீர்க் குழாய், எல்லாவற்றுக்கும் பெயர் போட்டாயிற்று. பெயரில்லாமல் மிச்சம் இருந்தது அந்தச் சின்னக் கதவு ஒன்றுதான். சங்கம் அதைத் தத்தெடுத்துக்கொண்டது. நிர்வாகிகள் இருபத்தெட்டுப் பேரின் பெயரோடு ஒரு பித்தளைப் பலகை.

பலகையில் எழுத்துகளை அடுக்கும் வேலை என்னிடம் வந்தது. இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடிக்காத பகுதி. காது சார் கேட்ட அளவில் எழுத்தைப் போட்டால் பலகை நாலடி வரும். கதவின் அகலம் மூன்றேகால் அடி. வெல்டிங்காரர் என் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது அவரே சொன்னது. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

"சார், எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாமா?" என்று கேட்டேன்.

"சின்னதானா துணைத்தலைவர்கள் வருத்தப்படுவாங்களே. ஏன், ஏதாவது பிரச்சினையா?" என்று தலையைச் சாய்த்தார். சொல்லியிருக்கலாம், மனிதர் கேட்கத்தானே செய்தார்? ஆனால் சங்க விழா அழைப்பிதழ் வேலையும் இருந்தது, அதுவும் எனக்குத்தான் வருவதாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

பலகையை நாலு போல்ட் போட்டு முடுக்கினார்கள். இரண்டு சின்னக் கதவில், இரண்டு பெரிய கதவில். பித்தளை பளபளவென்று இருந்தது. சின்னக் கதவு பெரிய கதவோடு ஒன்றாகிவிட்டது.

மறுநாள் காலை அக்கா கணவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கதவைத் தள்ளிப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மேம்பாலத்தின் பக்கம் போனார். போய்ச் சேர்வதற்குள் படுக்கை வேறொருவருக்குப் போய்விட்டது. மாலை ஐந்து மணிவரை வராந்தாவில் காத்திருந்து, யாரோ வராத இடத்தில் இவரைச் சேர்த்தார்களாம். அடுத்த நாள் கணவர் வீட்டில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்க, அக்கா என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, அந்தப் பலகை நீங்க பண்ணினதா?"

"எழுத்து மட்டும்தாம்மா நான்."

"கதவு அளவு உங்களுக்குத் தெரியும்ல?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைச் சாய்த்தேன். இடது பக்கம். புருவம் தானாகக் கூடியது, உதடு தானாக மடிந்தது. "உன் கஷ்டம் எனக்குப் புரியுதும்மா" என்றேன். "இதை என்கிட்ட வந்து சொன்னதுக்கு..." என்று ஆரம்பித்து, என் குரல் என் காதிலேயே விழுந்து, பாதியில் நின்றுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருஷமாக நகல் எடுப்பவனுக்கு நகலைப் பார்த்தால் தெரியாதா?

அக்கா என் மேஜையைப் பார்த்தார். "பைண்டிங் பிரஸ்ஸுக்கு ஸ்பானர் வெச்சிருப்பீங்களே, இருக்கா?" என்று கையை நீட்டினார்.

ஸ்பானர் மேஜைமேல்தான் இருந்தது, சங்கத்தின் அழைப்பிதழ்க் கட்டுக்குப் பக்கத்தில். இருக்கிறது என்று தலையாட்டினேன். அவர் கையை நீட்டியபடியே நின்றார். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

"சரிண்ணே" என்று கையை எடுத்துக்கொண்டு, வெல்டிங் பட்டறையின் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை கடையைத் திறந்தபோது பித்தளைப் பலகை, துடைத்துச் சுத்தமாக, பெஞ்சின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நாலு போல்ட்டும் அதன் முன்னால் வரிசையாக இருந்தன. சின்னக் கதவு திறந்திருந்தது. சக்கரத் தடம் உள்ளே போயிருந்தது.

காது சார் கோபப்படவில்லை, அந்த வகையினருக்கு அது வராது. 'யார் கழற்றினார்கள் என்று கேட்கப்போவதில்லை. ஏன் என்று மனம் திறந்து கேட்கப்போகிறோம்' என்று கூட்டத்துக்கு அறிவிப்புக் கொடுத்திருக்கிறார். எல்லாரையும் கேட்டு முடிக்கும்வரை சின்னக் கதவும் பலகையும் இப்போது இருக்கிறபடியே இருக்கவேண்டுமாம், யாரும் தொடக் கூடாதாம். அக்கா இதைப் படித்துவிட்டு வீடு வீடாகப் போய், கூட்டத்துக்கு வாங்க, நிறையப் பேசுங்க, சீக்கிரம் முடிச்சிடாதீங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அறிவிப்பு அறுபது பிரதி இதோ மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பானர் மேஜைமேல் அதே இடத்தில்தான் இருக்கிறது.

நீங்களாக இருந்தால் அதை அப்போதே எடுத்துக் கொடுத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல், கொட்டாவி விடாமல், புருவத்தைக் கூட்டிக்கொண்டு அக்காவின் கதையைக் கேட்டீர்களே, அதிலேயே தெரிகிறது. இப்போதுகூட ஆமாம் என்று தலையாட்டுகிறீர்கள். எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.